தேவைப்பட்டால்

எங்கே போகணும் என்று கேட்காமல் நான் யாருக்கும் டிக்கெட் கிழித்ததில்லை. திருநெல்வேலிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வலிக்கு மருந்து கொடுக்கும்போதும் அதைப்போல ஒரு கேள்வியைக் கேட்கிற ஆளை, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில்தான் பார்த்தேன்.

"இப்போ வலி போயிட்டுன்னு வைங்க. ஒங்களுக்கு என்ன செய்யணும்?"

மருந்துத் தட்டோடு கட்டில் பக்கம் வந்தால் அந்த சிஸ்டர் முதலில் இதைத்தான் கேட்பார். வலியில் கிடக்கிறவர்களுக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். என் மனைவி கோமுவுக்கும் வந்தது.

"வலி போனாப் போதும். வேற என்ன செய்யப்போறேன், டான்ஸா ஆடப்போறேன்?" என்றாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஆடணும்னா அதுக்குத் தக்கன மருந்து தரணும்லாக்கா. அதான் கேக்கேன்" என்றார்.

கோமுவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இனி வலி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி இல்லாமல் வைத்துக்கொள்வது என்னமோ பூந்தொட்டியை வெயில் படாமல் வைத்துக்கொள்வது மாதிரி சொன்னார்கள். வீட்டில் முடியவில்லை. அதனால்தான் இந்தச் சின்ன ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் சன்னல் ஓரத்துக் கட்டில் கிடைத்தது.

சேர்த்த அன்றைக்கே நான் ஒரு கூத்து பண்ணினேன். கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மூன்று மருந்துகளின் பெயருக்கு எதிரே டாக்டர் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். கப்பல் முழுகும்போது அடிக்கிற தந்தி அது என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்தது. ஒன்று போட்டாலே கப்பல் முழுகும், இவர் மூன்று போட்டிருக்கிறார். வராந்தாவுக்கு ஓடிப்போய் முக்கூடலில் இருக்கும் என் மச்சினனுக்குப் போன் போட்டேன். "மாப்ளே, கைய விரிச்சிட்டாங்க. கெளம்பி வா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முக்கூடலிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். மச்சினன் பெண்டாட்டி மாடிப்படியிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அழுகை வார்டுக்குள் வரும்போது கோமு எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மைனி, யாரு செத்தா?" என்று கேட்டாள்.

நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய், கப்பல் முழுகுகிற கதையைச் சொல்லி, சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுக்கு அர்த்தம் தேவைப்பட்டால். தேவைப்பட்டாக் குடுங்க, தேவையில்லாட்டி வேண்டாம். அவ்வளவுதான். கப்பலெல்லாம் ஒண்ணும் முழுகல" என்றார். வந்தவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் எடுத்துப் போட்டார். அன்றைக்கு வார்டே சிரித்தது. கோமுதான் அதிகம் சிரித்தாள், சிரித்தால் முதுகு இழுக்கும் என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

கூட்டம் போனபிறகு மெதுவாகக் கேட்டேன். "மூணு எழுதியிருக்காரே, இதுல எதுங்கத யாரு முடிவு பண்ணுதது?"

"நான்தான்."

"டாக்டர் இல்லையா?"

"எந்தெந்த மருந்து, எவ்வளவு, எத்தன மணிக்கூருக்கு ஒருக்கன்னு அவரு எழுதிட்டாரு. அந்தக் கோட்டுக்குள்ள, இந்த நேரத்துக்கு எதுங்கத நான் பாத்து, அவங்ககிட்டக் கேட்டுக் குடுக்கணும். கோட்டுக்கு வெளிய போவணும்னா டாக்டரக் கூப்பிட்டிருவேன்."

மூன்று மருந்துக்கும் அவர் வைத்திருந்த பெயரை வார்டில் எல்லோரும் சொல்வார்கள். சாதாரண மாத்திரை சின்னவர். சத்தமில்லாமல் வேலை பார்ப்பார், யாருக்கும் தொந்தரவு இல்லை, ஆனால் பெரிய சண்டைக்கு ஆகமாட்டார். ஊசி நடுவுலவர். சட்டென்று வருவார், கூடவே தலைச்சுற்றலையும் வாந்தியையும் கூட்டிக்கொண்டு வருவார். பூட்டிய அலமாரிக்குள் இருக்கிற மார்ஃபின்தான் பெரியவர். "பெரியவரு வந்து உக்காந்துட்டா வீடே அமைதியாயிரும். ஆனா சில பேருக்கு அவரு முன்னால பேச்சு வராது, தூங்கிருவாங்க" என்பார் சிஸ்டர்.

அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சொந்த ஊர் புன்னக்காயல். ஆறு கடலில் சேருகிற இடத்தில் பிறந்தவர். கைக்குட்டையை லேஞ்சி என்றுதான் சொல்வார். கனத்த உடம்பு, பைய நடப்பார். யாராவது "சிஸ்டர், ஓடி வாங்க" என்று கத்தினால், "ஓடி வந்தா எனக்கு மூச்சு வாங்கும். பொறவு நீங்க சொல்லுதது எனக்கே கேக்காது" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஆரம்பத்தில் எனக்கு அந்த நடையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். விசில் அடித்து வண்டியைக் கிளப்பியே பழகினவன் நான்.

இன்னொரு பழக்கம் உண்டு. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை லேசாகத் தூக்கிக் கால் விரல்களைப் பார்ப்பார். வலியைப் பல்லைக் கடித்து மறைத்துவிடலாமாம், சிரித்து மறைத்துவிடலாமாம். கால் பெருவிரல் மட்டும் தன்னால் உள்ளே மடங்கிக்கொள்ளுமாம். "அத மறைக்கணும்னு யாருக்கும் தோணாதுல்லா" என்பார்.

எதிர்க் கட்டிலில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன டீச்சர் ஒருத்தி இருந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி. காலையில் கண்ணைத் திறந்ததும் நடுவுலவரைக் கூப்பிடு என்று பிடிவாதம் பிடித்தாள்.

"வலி போயிட்டுன்னா என்ன செய்யணும் டீச்சர்?"

"டாக்டர் என்னைய நடக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு. கால ஊனினாலே உயிர் போவுது."

"அப்ப நடுவுலவரு சரிப்படமாட்டாரு. தல சுத்தி விழுந்தீங்கன்னா தையல் பிரிஞ்சிரும். சின்னவரு இப்ப வரட்டும். கொஞ்ச நேரம் பொறுத்து நானும் நீங்களுமா பாத்ரூம் வரைக்கும் போவோம். வந்து படுத்த பொறவும் வலிச்சா நடுவுலவரக் கூப்பிடுதேன்."

டீச்சர் முனகிக்கொண்டே நடந்தாள். மறுநாள் தானாகவே நடந்து கோமுவின் கட்டிலுக்கு வந்து கதை பேச ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்து உம்மா. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். அசையும்போதெல்லாம் "யா அல்லா" என்று ஒரு முனகல் வரும். சவுதியிலிருந்து வந்திருந்த மூத்த மகனுக்கு அதைக் கேட்க முடியவில்லை. சிஸ்டரிடம் போய், "தூங்க வைக்கிற ஊசியப் போட்டு விடுங்க. உம்மாவுக்குத் தேவைப்படுது" என்றார்.

சிஸ்டர் உம்மாவிடம் போய்த் தன் கேள்வியைக் கேட்டார்.

"அஸர் தொழணும் மவளே" என்றார் உம்மா. "படுத்துக்கிட்டே தொழுதுருவேன். தல கிறுகிறுத்தா ஓதுறது மறந்துபோவுது. அது மட்டும் வேண்டாம்."

சிஸ்டர் திரும்பி மகனிடம் சொன்னார். "உம்மாவுக்கு இப்ப சின்னவரு போதும். தொழுது முடிச்ச பொறவு ஊசி போடுதேன்."

"பெத்தவ துடிக்கறத நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

"துடிக்கது அவங்க. பாக்க முடியாம இருக்கது நீங்க. ஒங்களுக்குத் தேவைப்பட்டா, கீழ போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க பாய்."

அவர் முகம் சிவந்து இறங்கிப் போனார். நல்லா வேணும் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். உம்மா கண்ணை மூடி, உதடு அசைய, சொன்னபடியே தொழுது முடித்தார். அப்புறம் ஊசி. அதற்கப்புறம் நல்ல குறட்டை.

ஏன் இப்படி ஒரு கேள்வி என்று நானே ஒருநாள் கேட்டேன். சாப்பாட்டு நேரம், வார்டு ஓய்ந்திருந்தது. சிஸ்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வலி பத்துக்கு எத்தனைன்னு கேக்கத்தான் எங்களுக்குப் படிச்சுக் குடுத்தாங்க. இப்பவும் கேக்கத்தான் செய்யுதேன், எழுதத்தான் செய்யுதேன். முந்தி ஒரு பொம்பள இருந்தா. வாழைத்தோட்டத்துல கூலி வேல. எத்தனம்மான்னு கேட்டேன். 'பரவால்ல, ரெண்டுன்னு போட்டுக்கோங்க'ன்னா. சரின்னு மாத்திரையக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பாத்தா, போர்வைய வாயில வச்சுக் கடிச்சுக் கடிச்சு ஓட்ட போட்டு வச்சிருக்கா. எதுக்கும்மா பொய் சொன்னன்னு கேட்டா, ஒங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொல்லுதா." சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தார். "எவ்வளவு வலிக்குன்னு கேட்டா ஆம்பள கொறச்சுச் சொல்லுவான். பொம்பள இல்லவே இல்லம்பா. என்ன செய்யணும்னு கேட்டா மட்டும் எப்படியும் உண்ம வந்துரும். அதுவும் தனியா இருக்கும்போது கேட்டா."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

முதல் வாரத்தில் கோமுவின் பதில்கள் எல்லாம் கேட்கச் சுகமாகவே இருந்தன. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் செல்வியோடு போனில் பேசணும். தலை சீவிப் பின்னணும். மைனி சொதி கொண்டுவருகிறாள், இஞ்சிப் பச்சடியோடு ரெண்டு வாய் சாப்பிடணும். ஒவ்வொன்றுக்கும் ஒருத்தர் வந்தார். சொதிக்கு முந்தி நடுவுலவரைக் கூப்பிட்டால் குமட்டும் என்று சின்னவர் வந்தார். சாப்பிட்ட பிறகு கோமு தன் கையை என்னிடம் நீட்டி மோந்து பார்க்கச் சொன்னாள். "முக்கூடல் வாசம் அடிக்கி பாருங்க" என்றாள்.

பிறகு வலி வளர்ந்தது. முதுகில் தொடங்கி விலா எலும்பு வழியாக வந்து குத்தும். டாக்டர் பார்த்துவிட்டு, இனித் தயங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முதல்முறையாகப் பெரியவர் வந்தார்.

கொஞ்ச நேரத்தில் கோமுவின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. தூங்கிப்போனாள். நானும் நிம்மதியாகப் பேப்பரை விரித்தேன். படித்து நிமிர்ந்தபோது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. "கோமு" என்றேன். அசைவில்லை. "ஏட்டி கோமு." இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். நன்றாகத்தான் உலுக்கிவிட்டேன் போலிருக்கிறது. முதுகெலும்பு முழுக்க நோயை வைத்துக்கொண்டிருந்தவள் வீறிட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தாள். அன்றைக்கு மட்டும் சிஸ்டர் ஓடி வந்தார். கோமுவின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்லாத் தூங்கிட்டுல்லா இருந்தாங்க அண்ணாச்சி" என்றார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கோமு தன் வலியை விட்டுவிட்டு என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சிஸ்டர் எப்போது கேட்டாலும் கோமுவுக்கு ஒரே பதில்தான். "இப்ப அவ்வளவா இல்ல சிஸ்டர். சின்னவரு போதும். சும்மா முழிச்சு உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்." எனக்கு மனசு குளிர்ந்தது. செல்விக்குப் போன் போட்டு, "அம்மைக்கு வலி நல்லாக் கொறஞ்சிருக்கு தாயி, பெரிய மருந்தே வேண்டாங்கா" என்று சொன்னேன். வண்ணார்பேட்டை மாரியம்மனுக்கு எதையெதையோ நேர்ந்துகொண்டேன்.

சிஸ்டர் என்னை வெந்நீருக்கு அனுப்ப ஆரம்பித்ததும் அப்போதுதான். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். வராந்தாவிலேயே வெந்நீர்க் குழாய் இருந்தது. அது அவருக்கு ஆகாது. "குழாய்த்தண்ணி வாசம் அடிக்கும். கீழ கேண்டீன்ல கொதிக்கக் கொதிக்க வாங்கிட்டு வாங்க. பைய வாங்க, படியில ஊத்திராதீங்க" என்று பிளாஸ்க்கைக் கையில் திணித்துவிடுவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு பஸ்ஸையே கட்டி மேய்த்தவனை எடுபிடி ஆக்கிவிட்டாளே என்று கறுவிக்கொண்டே இறங்குவேன். கேண்டீன்காரர் வேறு, "என்னவே, இன்னைக்கும் ஒம்ம வெரட்டிட்டாங்களா?" என்று சிரிப்பார்.

ஒருநாள் மத்தியானம் கேண்டீனில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் வர நேரமாகும் என்றார்கள். காலிப் பிளாஸ்க்கோடு உடனே திரும்பி ஏறினேன். வார்டுக் கதவு சாத்தியிருந்தது. கையை வைக்கப் போனபோது உள்ளே சிஸ்டரின் குரல் கேட்டது.

"அவரு போயிட்டாரு. இப்ப சொல்லுங்கக்கா. என்ன செய்யணும்?"

"கத்தணும் சிஸ்டர்" என்றாள் கோமு. "ஒருக்க வாய்விட்டுக் கத்தணும். அவரு இருந்தா முடியல்ல."

"அவரு வர இன்னும் நேரமாவும். கத்துங்க."

நாற்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். செல்வி பிறந்தபோது கதவுக்கு வெளியேதான் நின்றேன். அப்போதுகூட அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. "எம்மா" என்று கூப்பிட்டாள். பிறகு வார்த்தையாகவே இல்லை. உம்மா ஏதோ ஓதுகிற சத்தமும் டீச்சர் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் நடுவே கேட்டன. அந்த வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

சத்தம் ஓய்ந்தபிறகு சிஸ்டர் பேசினார். "பெரியவரக் கூப்பிடட்டுமாக்கா? டாக்டர் எழுதித்தான வச்சிருக்காரு. எதுக்கு இப்படிக் கெடந்து அனுபவிக்கணும்?"

"வேண்டாம் சிஸ்டர். அன்னைக்கு நான் தூங்கினதுக்கே அந்த மனுசன் எப்படி நடுங்கிப் போனாரு, பாத்தீங்கள்லா. நான் முழிச்சிருந்தாத்தான் அவருக்குத் தைரியம்."

"அப்போ மருந்து ஒங்களுக்கா, அவருக்கா?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான சிஸ்டர்" என்றாள் கோமு.

நான் கதவைத் திறக்கவில்லை. சத்தம் போடாமல் இறங்கினேன். ரோட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் வெந்நீர் வாங்கினேன். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை வைத்திருக்கிறவர், எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். வழக்கமாக வருகிற நேரத்துக்குச் சரியாக மாடி ஏறினேன்.

டீச்சர் மடித்திருந்த துணியையே மறுபடி மடித்தாள். கோமு முகத்தைத் துடைத்து, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, இப்படி வேர்த்திருக்கு?" என்றாள் என்னைப் பார்த்து.

"கேண்டீன்ல கேஸ் இல்ல. ரோட்டுக்கடைக்குப் போனேன்."

சிஸ்டர் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைத்தான் பார்த்தார். செருப்புக்குள் என் பெருவிரல்கள் இரண்டும் உள்ளே மடங்கிக் கிடந்தன.

அன்று சாயங்காலம் கோமுவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "ஏட்டி, பெரியவரையே கூப்பிடச் சொல்லு. நீ தூங்கு."

"இப்ப வலி இல்லங்க."

"இல்லாட்டியும் தூங்கு."

"நீங்க பயப்படுவீங்க."

"மாட்டேன்."

"பொய்யி."

"சரி, பயப்படுவேன். ஆனா உலுக்க மாட்டேன்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் எங்கே நின்று என்ன கேட்டேன் என்று தெரிந்துகொண்டாளோ என்னமோ, அதைப்பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிஸ்டர் வந்ததும், "தூங்கணும் சிஸ்டர்" என்று அவளே சொன்னாள். சிஸ்டர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கோமு சுகமாக இருந்தாள். முதல் இரண்டு நாள்தான் ஒரேயடியாகத் தூக்கம். டாக்டர் வேளை வேளைக்குக் கொடுக்க எழுதிவிட்டார், உடம்பும் பழகிக்கொண்டது. தூங்கி எழுந்தால் பேசுவாள். எங்கள் கல்யாணத்தில் முக்கூடல் ஆற்றுப்பாலத்தில் மாப்பிள்ளைக் கார் நின்றுபோய் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியதைப் பற்றி டீச்சரிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் தூங்கும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிஸ்டர் வெந்நீருக்கு அனுப்புவதையும் நிறுத்தவில்லை. நானும் முனகாமல் போனேன். கேண்டீனில் வெந்நீர் கொதித்துத் தயாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டே ஏறினேன்.

அந்த அம்மாளின் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. சிஸ்டர் என்று கூப்பிட்டால் வந்தார், அது போதுமாக இருந்தது. போன வருஷம் என் ரத்தக்கொதிப்புக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாடிக்கு ஏறிப் பார்த்தேன். இளம்வயது நர்ஸ் பிள்ளை ஒன்று, "பாட்டி, வலி பத்துக்கு எத்தன?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டி, "பரவால்லம்மா" என்றது. நான் அந்தப் பிள்ளையிடம் பழைய சிஸ்டரைப் பற்றி விசாரித்தேன்.

"எந்த சிஸ்டர் ஐயா? பேரு சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பைய நடப்பாங்க. புன்னக்காயல்" என்றேன். அதற்குத் தெரியவில்லை. அப்படி யாரும் இப்போது இல்லை என்றது. இறங்கும்போது மனசு கேட்காமல் திரும்பிப் போய், "பாட்டிகிட்ட, வலி போனா என்ன செய்யணும்னு கேட்டுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

கோமுவின் கடைசி நாளைச் சொல்லாமல் அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

முந்தின நாளே செல்வி வந்திருந்தாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோமு ரொம்பவும் அசந்து கிடந்தாள். பேச்சு உதட்டோடு நின்றுவிட்டது. நடுநடுவே வலி வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனது. மத்தியானம் சிஸ்டர் வந்ததைப் பார்த்ததும் நான் வழக்கம்போல எழுந்து பிளாஸ்க்கை எடுத்தேன்.

"பிளாஸ்க்க வைங்க அண்ணாச்சி" என்றார். "இன்னைக்கு வெந்நீர் வேண்டாம்."

"குடிக்கதுக்கு?"

"வேண்டாம். எங்கயும் போவாண்டாம். இங்கனயே உக்காருங்க."

பிளாஸ்க்கை அவரே என் கையிலிருந்து வாங்கிச் சன்னலில் வைத்தார். நான் அப்படியே உட்கார்ந்தேன். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் குனிந்து கோமுவின் காதுப்பக்கம் கேட்டார். எனக்கு முன்னால் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டு நிறைய நாள் ஆகியிருந்தது. "அக்கா, வலி போயிட்டுன்னா என்ன செய்யணும்?"

கோமுவின் உதடு அசைந்தது. "தூங்கணும்." கண் என்னைத் தேடியது. "இவரு..."

"இங்கனதான் இருக்கேன்ட்டி. நீ தூங்கு" என்றேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "பெரியவரக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றேன். என் குரல் நடுங்காமல்தான் வந்தது.

விழுங்க முடியாததால் ஊசியாகப் போட்டார். போட்டுவிட்டுப் போகாமல் கால்மாட்டில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையை லேசாகத் தூக்கி என்னைப் பார்க்கச் சொன்னார். மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து நேராக வந்திருந்தன. நகம் வளர்ந்து மருதாணி பாதிதான் மிச்சம் இருந்தது. சிஸ்டர் போர்வையை மூடிவிட்டுத் தன் லேஞ்சியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கோமு தூங்கினாள். சாயங்காலம் மூச்சு இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. ஒரு மூச்சு வரும். அப்புறம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு மூச்சு வரும். ஒருதரம் இடைவெளி ரொம்ப நீண்டுவிட்டது.

"அப்பா, கூப்பிட்டுப் பாருங்கப்பா" என்று அழுதாள் செல்வி.

என் கை தன்னால் கோமுவின் தோளுக்குப் போயிற்று. தோள் சூடாக இருந்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உலுக்கவில்லை.